படிவத்துக்கு முன்னால் பிள்ளை

குழந்தைகளுக்கான மருத்துவ ஆராய்ச்சி மையத்தில் டேட்டா மேனேஜர் வேலை என்று சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "என்ன சாஃப்ட்வேர் வச்சிருக்கீங்க?" என்பதுதான். புதிதாக ஆய்வு தொடங்கும் டாக்டர்கள் கேட்கிறார்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெயரைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது, கீழே சொல்கிறேன். ஆனால் இத்தனை காலம் இதே வேலையில் இருந்துவிட்டு, யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பிள்ளையை நடுவில் வைத்து டேட்டாபேஸைக் கட்டுங்கள், ஆய்வும் படிவமும் அதற்கு அப்புறம் வரட்டும். கேட்க எளிதாக இருக்கும். நான் பார்த்தவரையில் முக்கால்வாசி இடங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ஆய்வுக்குப் பணம் வந்ததும் படிவத்தை டைப் செய்வார்கள், படிவத்தில் எத்தனை கேள்வி உண்டோ எக்செல்லில் அத்தனை நெடுவரிசை போடுவார்கள், அவ்வளவுதான் டேட்டாபேஸ்.

எங்கள் மையம் பாளையங்கோட்டைப் பக்கம், ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. ஒரே நேரத்தில் நாலைந்து ஆய்வுகள் ஓடும். பிறந்த பிள்ளையை இரண்டு வயதுவரை தொடர்ந்து பார்க்கும் வளர்ச்சி ஆய்வு ஒன்று, வயிற்றுப்போக்கு ஒன்று, ரத்தசோகை ஒன்று, தடுப்பூசி போட்டபின் உடம்பில் எதிர்ப்பு சக்தி எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது ஒன்று. பிள்ளைகள் மேலப்பாளையம், பேட்டை, மானூர், முக்கூடல், சேரன்மகாதேவி, களக்காடு, தெற்கே வள்ளியூர், திசையன்விளை வரைக்கும் பல ஊர்களில் இருந்து வருகிறார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு ஆய்வுக்கும் தனியாக ஒரு எக்செல் ஃபைல், தனியாக ஒரு நீள ரிஜிஸ்டர். அந்தந்த ஆய்வு அளவில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மார்ச்சில் வயிற்றுப்போக்கு ஆய்வில் சேர்ந்த பிள்ளையும் மே மாதம் ரத்தசோகை ஆய்வில் சேர்ந்த பிள்ளையும் ஒரே பிள்ளைதான் என்பதை எந்த ஃபைலும் சொல்லாது. சிஸ்டருக்கு முகம் ஞாபகம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இசக்கியம்மாள், இசக்கிமுத்து, பேச்சியம்மாள், சுடலைமுத்து, முப்பிடாதி என்று குலதெய்வத்தின் பெயரையே பிள்ளைகளுக்கு வைக்கும் ஊர். ஒரே தெருவில் ஒரே கோயிலுக்குக் கட்டுப்பட்ட குடும்பங்கள் இருந்தால் இசக்கிமுத்து நாலு பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றாகவே இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு சீட்டில் 'ஈ' எழுத்தில் தொடங்கும், இன்னொரு சீட்டில் 'ஐ' எழுத்தில் தொடங்கும். மேலப்பாளையத்துப் பிள்ளைகளின் முகம்மது எத்தனை எழுத்துக்கூட்டில் வரும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அது மட்டுமா, பிறந்த பிள்ளைக்குப் பெயரே இருக்காது. வார்டில் இருந்து வரும் சீட்டில் 'பேச்சியம்மாள் குழந்தை, ஆண்' என்றுதான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஜாதகத்துக்கு ஏற்ற எழுத்தில் புதுமாதிரியாக ஒரு பெயர் வைப்பார்கள், அது பிறப்புச் சான்றிதழில் ஏறும். வீட்டில் கூப்பிடுவது தாத்தா பெயர். எங்கள் களப்பணியாளர் அக்கா அந்த ஊருக்குப் போய்ச் சான்றிதழ்ப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் அம்மா பெயரைச் சொன்னதும், "அட, நம்ம சுடலைப் பயலையா கேக்கிய? அந்தா, வேப்பமரத்து வீடு" என்று கையைக் காட்டுவார்கள். மூன்று பெயரும் அந்தப் பிள்ளையின் பெயர்தான், மூன்றும் நமக்கு வேண்டும். அதனால் எங்கள் டேட்டாபேஸில் பெயர் என்பது பிள்ளை டேபிளில் (அதாவது பிள்ளைகளின் அட்டவணையில்) ஒரு நெடுவரிசையாக இல்லை, தனி டேபிளாக இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் ஏறும், எது வார்டு சீட்டில் வந்தது, எது சான்றிதழில் உள்ளது, எது கூப்பிடும் பெயர் என்ற குறிப்போடு.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பிக்மி நம்பர் உண்டு, கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கிடைப்பது. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது, அதனால் அம்மாக்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆளைப் பொருத்திப் பார்க்க இதைவிட நல்ல உதவி இல்லை. ஆனால் இரட்டைப் பிள்ளை பிறந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நம்பர்தான், ஆகவே பிள்ளையை அடையாளம் காட்ட அதை மட்டும் நம்பினால் கதை கெட்டுவிடும். நாங்கள் பிக்மி நம்பர், அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த எடை எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுகிறோம். பொருந்துவது போல இருப்பதை சாஃப்ட்வேர் காட்டும், ஒரே பிள்ளைதான் என்று முடிவு செய்வது ஆள்தான்.

பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கும் எண்ணில் ஊர், வருஷம், ஆய்வின் சுருக்கம் எதையும் நுழைப்பதில்லை. ஊர் மாறும், ஆய்வு முடியும், ஆனால் எண் மாறக் கூடாது. கடைசி இலக்கம் மட்டும் சரிபார்ப்பு இலக்கம், முன்னால் உள்ள இலக்கங்களில் இருந்து கணக்குப் போட்டு வருவது. நாங்கள் எடுத்துக்கொண்டது வெர்ஹோஃப் முறை. ஒரு இலக்கம் தப்பாகப் போனாலும், பக்கத்து இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இதே முறையில் வருவதுதான். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருக்கும் அறையில், குழாய் லேபிளைப் பார்த்து எண்ணைக் கையால் எழுதும் சிஸ்டருக்கு இந்த ஒரு இலக்கம் எவ்வளவு பெரிய காவல் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்பவர் தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய டேபிள்களாக வைக்கும் முறையை எழுதினார். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. ஒரு செய்தியை ஓர் இடத்தில் மட்டும் வை, மற்ற இடங்களில் இருந்து அதைச் சுட்டிக்காட்டு என்பதுதான் அதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். எங்களுக்கு அது இப்படி: அம்மா ஒரு டேபிள், பிள்ளை ஒரு டேபிள், ஆய்வு ஒரு டேபிள், எந்தப் பிள்ளை எந்த ஆய்வில் எந்தத் தேதி சேர்ந்து எந்தத் தேதி விலகியது என்பது இன்னொரு டேபிள். அண்ணன் ஓர் ஆய்விலும் தங்கச்சி இன்னோர் ஆய்விலும் இருந்தால் இருவரும் ஒரே அம்மாவின் பிள்ளைகள் என்று தானாகத் தெரிந்துவிடும். இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொல்லலாம், பீடி சுற்றும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும்.

இப்படிப் பிள்ளையை நடுவில் வைத்ததன் பலன் எனக்கு முழுசாகப் புரிந்தது ரத்த விஷயத்தில்தான்.

பெரியவர்களுக்கு ஐந்து மில்லி எடுப்பது ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பச்சைப்பிள்ளைப் பருவம் தாண்டிய குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 80 மில்லி ரத்தம்தான் உடம்பிலேயே இருக்கும். ஐந்து கிலோ பிள்ளை என்றால் மொத்தமே 400 மில்லி. ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒன்று, ஆய்வுக்காக ஒரே தடவையில் மொத்த ரத்தத்தில் 1 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, நான்கு வாரத்துக்குள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம்ம ஐந்து கிலோ பிள்ளைக்கு அது ஒரு தடவைக்கு 4 மில்லி, நாலு வாரத்துக்கு 12 மில்லி. அமெரிக்காவில், நெறிமுறைக் குழு விரைவுப் பரிசீலனையில் அனுமதி தரக்கூடிய ஆய்வுகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது: பிள்ளைகளிடம் எட்டு வாரத்துக்குள் கிலோவுக்கு 3 மில்லி அல்லது மொத்தம் 50 மில்லி, இரண்டில் எது குறைவோ அது, வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுக்கவும் கூடாது. எந்த வரம்பை எடுத்துக்கொண்டாலும், ஒவ்வோர் ஆய்வும் தன் ஃபைலை மட்டும் பார்த்து, "நாங்க வரம்புக்குள்ளதான் எடுத்தோம்" என்று சொல்லிவிடலாம். இரண்டு ஆய்வும் எடுத்ததைக் கூட்டிப் பார்க்கும் இடம் எங்கே இருக்கிறது? அதோடு காய்ச்சல் என்று வார்டில் சேர்த்தபோது டெங்கு பரிசோதனைக்கு எடுத்த ரத்தமும் இருக்கிறதே, அது எந்தக் கணக்கில் வரும்?

அதனால் ரத்தம் எடுத்த பதிவை ஆய்வோடு கட்டாமல் பிள்ளையோடு கட்டினோம். வார்டில் எடுத்ததையும் சேர்க்கிறோம். சிஸ்டர் குழாயின் பார்கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் மூன்று எண் வரும்: கடைசி எடை, கடந்த வாரங்களில் எடுத்த மொத்தம், இன்றைக்கு எடுக்கக்கூடிய மிச்சம். எடை பழையதாக இருந்தால் மிச்சத்தைக் காட்டாது, முதலில் பிள்ளையை நிறுக்கச் சொல்லும். வயிற்றுப்போக்கில் வந்த பிள்ளைக்கு இந்த ஒன்று ரொம்ப முக்கியம், போன மாத எடையை வைத்து இன்றைக்குக் கணக்குப் போட்டால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஒரு தடவை களக்காட்டில் இருந்து வந்த ஆச்சி ஒருத்தி, பேரப்பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, "எம்மா, இம்புட்டு ரத்தம் எடுக்கியளே, பிள்ள தாங்குமா?" என்று கேட்டாள். சிஸ்டர் திரையைத் திருப்பிக் காட்டி, "ஆச்சி, இந்தா பாருங்க, இதுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு இருக்கு, நாங்க எடுக்கது இதுல பாதிதான்" என்று விளக்கினார். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது என்பது புரிந்தது. ஒரு டேட்டாபேஸ் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

சரி, அடுத்தது தேதி. பின்தொடரும் ஆய்வு என்றால் 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம், அப்புறம் ஒன்பதாம் மாதம் என்று வர வேண்டிய நாட்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னே பின்னே சில நாள் சலுகை இருக்கும். இந்தத் தேதிகளை எப்போதும் பிறந்த தேதியில் இருந்தோ சேர்ந்த தேதியில் இருந்தோதான் கணக்கிட வேண்டும். போன தடவை வந்த தேதியில் இருந்து கணக்கிட்டால், ஒரு தடவை ஐந்து நாள் பிந்திய பிள்ளைக்கு எல்லாத் தேதியும் பிந்திக்கொண்டே போகும், கடைசியில் இரண்டு வயது எடை என்று நாம் எழுதுவது இரண்டு வயது எடையாகவே இருக்காது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 34 வாரத்தில் பிறந்த பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது பிறந்தது முதலான வயதில் ஆறு வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தடுப்பூசிக்குக் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும். ஆகவே ஒரே பிள்ளைக்கு இரண்டு வயதையும் டேட்டாபேஸ் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும், எந்த இடத்தில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சொல்லும் தேதி ஒரு பக்கம், ஊர் நாள் இன்னொரு பக்கம். பங்குனி உத்திரத்துக்கு இந்தச் சீமையில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்த் தங்கிவிடுவார்கள். அதுபோக ஊர்க்கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள், அன்றைக்குப் பிள்ளைக்கு ஊசி போட்டு ராத்திரி காய்ச்சல் வந்திருந்தால் வியாழக்கிழமை நம்மிடம் வரச் சொல்வதில் அர்த்தம் இல்லை. இதையெல்லாம் ஒரு விசேஷ நாள் டேபிளாகப் போட்டு வைத்திருக்கிறோம், கொடைத் தேதியைக் களப்பணியாளர்கள் விசாரித்து ஊர்வாரியாக ஏற்றுவார்கள். அழைப்புத் தேதி போடும்போது சாஃப்ட்வேர் அந்த நாட்களைத் தள்ளி, சலுகைக்குள் வேறு நாள் கேட்கும். எங்கள் ஆய்வுக்கு வராமல் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது 'ஒத்துழைப்பு இல்லை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. முக்கால்வாசி நேரம் நாம்தான் வர முடியாத நாளில் வரச் சொல்லியிருப்போம்.

முகவரியும் இப்படித்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண் அங்கே மூன்று மாதம், ஐந்து மாதம் இருப்பாள், அப்புறம் புருஷன் வீடு. சேர்க்கும்போது எழுதிய முகவரியில் ஆறாம் மாதம் போய்த் தட்டினால் ஆச்சிதான் இருப்பார். அதனால் சேரும் அன்றே இரண்டு முகவரியும் வாங்கி, எது எந்தத் தேதியில் இருந்து என்று போடுகிறோம். போன் நம்பரிலும் அது யாருடையது, எப்போது எடுப்பார்கள் என்று கேட்டு வைக்க வேண்டும். புருஷன் திருப்பூரிலோ துபாயிலோ இருந்து, நம்பர் அவருடையதாக இருந்தால் நம் அழைப்பு அங்கே போய் அடிக்கும்.

அளவுகளைச் சரிபார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சித் தரத்தை வைத்து, எடை, நீளத்துக்கு இசட் மதிப்பு, அதாவது அந்த வயதுப் பிள்ளைகளின் நடு அளவில் இருந்து இந்தப் பிள்ளை எவ்வளவு விலகி நிற்கிறது என்ற எண், உடனே கணக்காகும்படி வைத்திருக்கிறோம். வயதுக்கான எடையின் இசட் மதிப்பு மைனஸ் 6-க்குக் கீழேயோ பிளஸ் 5-க்கு மேலேயோ போனால் சந்தேகப்பட வேண்டிய எண் என்று அவர்களே வரம்பு சொல்லியிருக்கிறார்கள். 8.6 என்பது 6.8 ஆகப் பதிவாவதெல்லாம் இதில் பெரும்பாலும் மாட்டாது, ஏனென்றால் இரண்டுமே நடக்கக்கூடிய எடைதான். அதைப் பிடிக்கப் போன தடவை எடையோடு ஒப்பிட வேண்டும். இங்கே நான் உறுதியாகச் சொல்வது, வரம்புக்கு வெளியே உள்ள எண்ணைச் சாஃப்ட்வேர் ஏற்காமல் அடைத்துவிடக் கூடாது. எச்சரிக்கலாம், மறுபடி நிறுக்கச் சொல்லலாம், காரணம் கேட்கலாம், ஆனால் கடைசியில் வாங்கிக்கொள்ள வேண்டும். கதவை அடைத்தால் அவசரத்தில் இருக்கும் ஆள் உள்ளே போகக்கூடிய ஓர் எண்ணை எழுதிவிடுவார். அப்படித் தொலைவது, உண்மையிலேயே எலும்பும் தோலுமாக வந்த பிள்ளையின் எடைதான். இன்னொன்று, நீளத்தைப் படுக்கவைத்து எடுத்ததா நிற்கவைத்து எடுத்ததா என்று கட்டாயம் குறிக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து, அதற்குமேல் நிற்கவைத்து என்பது விதி, இரண்டுக்கும் சுமார் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அப்புறம் காலி இடம். எடுக்க மறந்ததா, பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லையா, மெஷின் வேலை செய்யவில்லையா, தேவையே இல்லையா, இந்த நாலுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். காலியாக விட்டால் ஒரு வருஷம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

சம்மதப் படிவம் பெற்றோர் கையெழுத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. பிள்ளைகள் ஆய்வில் அது வளரும் விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயதுவரை பிள்ளையிடம் வாய்மொழியாகச் சம்மதம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், 12 முதல் 18 வரை எழுத்தில் வாங்க வேண்டும், இரண்டிலும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை ஆய்வுக்குள்ளேயே ஏழைத் தொடும். அந்தப் பிறந்தநாள் டேட்டாபேஸுக்குத்தான் தெரியும், அடுத்த தடவை வரும்போது சிவப்பில் காட்டும், பிள்ளையிடம் கேட்காமல் மேலே படிவம் திறக்காது. "ஊசி வேண்டாம், எடை மட்டும் பாருங்க" என்று ஏழு வயதுப் பிள்ளை சொன்னால் அதை அப்படியே பதிவு செய்ய ஓர் இடம் வைத்திருக்கிறோம், அந்தப் பதிலுக்கு மதிப்பும் உண்டு.

மருந்துப் பரிசோதனை என்றால் அவசரம் இன்னும் கூடுதல். 2019-ம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, கடுமையான பாதிப்பு ஏதும் தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் அறிவிக்க வேண்டும். பிள்ளை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாலே அது அந்தக் கணக்கில் வரும். வள்ளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருப்பார்கள், நமக்குச் சொல்லத் தோன்றாது. களப்பணியாளர் டேப்லெட்டில் 'ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்' என்பதைத் தொட்டதும் டாக்டருக்குச் செய்தி போகும்படி வைத்திருக்கிறோம். மலையடிவாரத்து ஊர்களில் சிக்னல் கிடைக்காது, அங்கே டேப்லெட்டை நம்பாமல் ஊர் எல்லைக்கு வந்ததும் போன் செய்துவிட வேண்டும் என்பது விதி.

இப்போது அந்த சாஃப்ட்வேர் கேள்வி. படிவங்களுக்கு ரெட்கேப். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கியது, லாப நோக்கமற்ற நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு இலவசமாக வாங்கிக்கொள்ளலாம், நம் சர்வரிலேயே ஓடும். யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் தானாகப் பதிவாகும், டேப்லெட்டில் இணையம் இல்லாமல் பதிவு செய்து பின்னால் ஏற்றலாம். ஆய்வு படிவத்துக்கு இதைவிட நல்லது தேடி அலைய வேண்டாம். ஆனால் ரெட்கேப்பில் ஒவ்வோர் ஆய்வும் ஒரு தனித் திட்டம், பல ஆய்வுகளுக்கு நடுவில் பிள்ளையை வைப்பது அதன் வேலை இல்லை. அதனால் பிள்ளை, அம்மா, ரத்தம், தேதி, முகவரி இவை எல்லாம் தனியாக ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன, எண் மட்டும் இரண்டுக்கும் பாலம். திரைகள் சீக்கிரம் வேண்டும், புரோகிராமர் இல்லை என்றால் ஃபைல்மேக்கரும் நல்ல வழிதான். 1985-ல் இருந்து இருப்பது, இப்போது கிளாரிஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். சிஸ்டர்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்லத் திரையை மாற்றலாம், காசு மட்டும் ஆகும். எக்செல்லைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூலப்பதிவுக்கு வேண்டாம். அது தேதி போலத் தெரிவதை எல்லாம் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொந்தரவுக்காகவே மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-ல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டிவந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி கரை தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றது. எங்களுக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை நேரம் வரும் என்று தெரியாது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களில் பிள்ளைகளின் சாம்பிள்கள். எந்த ஃப்ரீசர், எந்தத் தட்டு, எந்தப் பெட்டி, எந்தக் குழி என்பது வரை ஒவ்வொரு குழாய்க்கும் டேட்டாபேஸில் இடம் உண்டு, அதோடு அந்த சாம்பிளை இன்னொரு தடவை எடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் ஒரு நெடுவரிசை உண்டு. தடுப்பூசிக்கு முன்னால் எடுத்த ரத்தத்தை மறுபடி எடுக்கவே முடியாது. அந்தப் பட்டியலை முன்கூட்டியே காகிதத்திலும் அச்சடித்து வைத்திருந்ததால், டார்ச் வெளிச்சத்தில் திறந்து, முதலில் காப்பாற்ற வேண்டிய பெட்டிகளை மட்டும் ஒரே ஃப்ரீசருக்கு மாற்ற முடிந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தேடியிருந்தால் தேடும்போதே உருகியிருக்கும். பேக்கப் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். கரண்டே இல்லாதபோது கையில் என்ன இருக்கும் என்றும் யோசியுங்கள்.

ரகசியம் பற்றிக் கொஞ்சம். பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்பது சென்னைக்கு வேண்டுமானால் பொருந்தலாம். ஐம்பது வீட்டு ஊரில் பிறந்த தேதியும் ஊர்ப் பெயரும் இருந்தால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள், வீட்டில் யாருக்குக் காசநோய் என்பதும் அதோடு வெளியே போகும். பொம்பளைப்பிள்ளை என்றால் அது கல்யாணம் வரைக்கும் பேசப்படும். அதனால் கணக்குப் பார்ப்பவருக்குப் போகும் ஃபைலில் ஊர் இருக்காது, தேதிக்குப் பதில் நாள் கணக்கில் வயது இருக்கும். களப்பணியாளருக்கு முகவரி தெரியும், லேப் முடிவு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர்கள் மிகச் சிலர், அவர்கள் பார்ப்பதும் பதிவாகும். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே வைத்திருக்கிறது, அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

இப்போது கையில் இருக்கும் வேலை, தகவலை அம்மாக்களுக்குத் திருப்பிக் கொடுப்பது. எடை, நீளம், ஹீமோகுளோபின் எல்லாம் வாங்கிக்கொண்டு "சரிம்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். அன்றைய அளவும் போன தடவை அளவும் வளர்ச்சிக் கோட்டோடு தமிழில் ஒரு சீட்டாக அச்சாகி, கிளம்பும்போதே அம்மா கையில் போக வேண்டும், அங்கன்வாடியில் காட்டலாம். முதல் வடிவத்தைச் சிஸ்டர்கள் பார்த்துவிட்டு எழுத்து பொடிசாக இருக்கிறது, ஆச்சிகள்தான் பாதி நேரம் கூட்டி வருகிறார்கள், படம் பெரிதாக வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை, பெயர், ரத்தம், விசேஷ நாள் டேபிள்களின் வெறும் அமைப்பு மட்டும், ஒரு பிள்ளையின் தகவலும் இல்லாமல், யாருக்காவது வேண்டும் என்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் ஊர்க் கொடைத் தேதிகளை மட்டும் நீங்களே ஏற்றிக்கொள்ள வேண்டும்.